டிவியில் இசைவிழா: நேரலையா, மறுநாள் முழுப் பதிவா, தொகுப்பா? வயதானவர்களுக்கு எது தோது

டிவியில் இசைவிழா பார்க்கும் வயதானவர்கள் சொல்லும் குறைகள் எங்கும் ஏறக்குறைய ஒன்றுதான். பாட்டு காதில் விழுகிறது, சொல் விழவில்லை. டிரம்ஸ் மட்டும் மண்டையில் இடிக்கிறது. கேமரா ஒரு நிமிடம் ஓரிடத்தில் நிற்பதில்லை. அந்தக் காலத்துப் பாடகருக்குக் குரல் போய்விட்டது, இந்தக் காலத்துப் பாடகருக்கோ குரலே கிடையாது. கூட இருக்கும் இளையவர்கள் இதை ரசனைக் கோளாறு என்று ஒதுக்கிவிடுகிறார்கள். இவற்றில் பெரும்பாலானவற்றுக்கும் ரசனைக்கும் சம்பந்தமே இல்லை. நிகழ்ச்சியை எந்த வடிவில் பார்க்கிறோம், அதன் ஒலி எந்த வழியாகக் காதுக்கு வருகிறது என்ற இரண்டு விஷயங்களைச் சரி செய்தால் அவை பாதிக்குப் பாதி குறையும்.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். அறுபத்தைந்தைத் தாண்டிய பெரும்பாலோருக்கு, மறுநாள் பகலில் பார்க்கும் முழுப் பதிவுதான் சிறந்தது. நேரலை சில குறிப்பிட்ட சந்தர்ப்பங்களுக்கு மட்டும். தொகுப்பு நிகழ்ச்சி புதியவர்களை அறிமுகம் செய்துகொள்ள உதவும், இசை கேட்க உதவாது. ஒலியைப் பொறுத்தவரை, காசு செலவழிப்பதற்கு முன்னால் நாற்காலியை நகர்த்துங்கள், டிவி மெனுவைத் திறந்து பாருங்கள். காரணங்கள் இனி.

நேரலையின் முதல் மூன்று பாட்டு

விழா மேடையில் ஒரு குழு இறங்கி அடுத்த குழு ஏறுவதற்கு அரை மணியோ முக்கால் மணியோதான் இடைவெளி. தனிக் கச்சேரியில் மாலையிலேயே முழுப் பாட்டு பாடி ஒலி சரிபார்ப்பார்கள். விழாவில் அதற்கு நேரமில்லை. ஒவ்வொரு மைக்கும் உயிரோடு இருக்கிறதா என்று தட்டிப் பார்ப்பதோடு சரி. மேடையிலிருந்து வரும் ஒலி இரண்டாகப் பிரியும். ஒன்று திடலில் நிற்கும் ஸ்பீக்கர்களுக்குப் போகிறது. மற்றொன்று ஒளிபரப்பு வண்டிக்குப் போய், அங்கே டிவிக்கென்று தனியாகக் கலக்கப்படுகிறது. வண்டிக்குள் இருக்கும் ஒலிப்பொறியாளர் அந்தக் குழுவின் சரியான அளவுகளைக் கண்டுபிடிப்பதே பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதுதான். அதனால் முதல் இரண்டு மூன்று பாட்டில் குரல் அமுங்கியோ, கிடார் காணாமலோ, கூட்டத்தின் கூச்சல் தூக்கலாகவோ இருப்பது சகஜம். நேரலையைப் போட்டுவிட்டு ஐந்தாவது நிமிடத்தில் "ஒண்ணும் புரியல" என்று ரிமோட்டைத் தேடுபவர், சரியாக மோசமான பகுதியைக் கேட்டுவிட்டு எழுந்து போகிறார். இருபது நிமிடம் பொறுத்தால் வேறு நிகழ்ச்சி போலக் கேட்கும்.

நேரலையில் இன்னும் சில தொல்லைகள் உண்டு. பெரிய விழாவில் பல மேடைகள். டிவி சேனல் அவற்றுக்கிடையே தாவும், நடுவில் தொகுப்பாளர்கள் பேசுவார்கள், பிடித்த பாட்டின் பாதியில் வேறு மேடைக்குப் போய்விடுவார்கள். ஒளிபரப்பாளரின் செயலியில் 'ஒரே மேடை' என்று தனி ஓடை (ஸ்ட்ரீம்) இருந்தால் அதைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். பேச்சும் இல்லை, தாவலும் இல்லை. ஆனால் இணைய ஓடை, ஆன்டெனா அல்லது கேபிளில் வருவதை விட அரை நிமிடம் வரை பிந்தி வரும். பக்கத்து அறையில் இன்னொரு டிவியில் அதே நிகழ்ச்சி ஓடினால் இரண்டு பாட்டு கேட்கும். முக்கியக் கலைஞர் மேடையேறுவது இரவு ஒன்பது, பத்து மணிக்கு மேல். அந்த நேரத்தில்தான் இணைய நெரிசலும் உச்சத்தில் இருக்கும், படம் மங்கும், நிற்கும். போனிலிருந்து டிவிக்கு அனுப்பிப் பார்ப்பதை விட டிவியிலேயே செயலியைத் திறந்து, முடிந்தால் வைஃபைக்குப் பதில் கேபிளைச் செருகிப் பார்ப்பது நல்லது.

சப்டைட்டிலை நம்பி இருப்பவர்களுக்கு நேரலை இன்னும் மோசம். நேரலை எழுத்துகள் பல நொடி பிந்தி வரும். பாட்டு வரிகளுக்குப் பதில் வெறும் இசைக்குறி மட்டும் தெரிவதும் உண்டு. பதிவு வெளியாகும்போது இவை பெரும்பாலும் திருத்தப்பட்டிருக்கும்.

அப்படியானால் நேரலை எதற்கு? எல்லாரும் ஒரே நேரத்தில் பங்கெடுப்பதுதான் நிகழ்ச்சியின் சாரம் என்றால், நேரலைக்கு மாற்று கிடையாது. திருவையாறு தியாகராஜ ஆராதனையில் நூற்றுக்கணக்கானோர் சேர்ந்து பஞ்சரத்ன கீர்த்தனைகளைப் பாடும்போது, மைக்குக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் சிலரின் குரல்தான் எடுப்பாகக் கேட்கும். அதற்காக யாரும் அதை மறுநாளைக்குத் தள்ளிவைக்க மாட்டார்கள், ஏனென்றால் வீட்டிலிருந்தே கூடச் சேர்ந்து பாடுவதற்குத்தான் அது. லண்டனில் பிபிசி ப்ராம்ஸ் என்ற மேற்கத்தியச் செவ்விசை விழாவின் கடைசி இரவும் அந்த ரகம். இன்னொரு காரணம் உரிமை. கலைஞர் சம்மதித்தால்தான் பதிவு வரும், அதுவும் முழுசாக வரும் என்ற உறுதியில்லை. இங்கிலாந்தின் கிளாஸ்டன்பரி விழாவில் 2009-இல் பாடகர் நீல் யங் சில பாட்டுகளை மட்டுமே டிவியில் காட்ட அனுமதித்தார். 2013-இல் ரோலிங் ஸ்டோன்ஸ் ராக் குழு இரண்டு மணி நேரத்துக்கு மேல் வாசித்தும் டிவியில் வந்தது ஒரு மணி நேரம் அளவுக்குத்தான். பல வருடம் காத்திருந்த ஒருவர் பாடுகிறார் என்றால் நேரலையைப் பார்த்துவிடுங்கள், பதிவு வந்தால் இரண்டாம் முறை பார்க்கலாம்.

முழுப் பதிவு ஏன் முந்துகிறது

நிறுத்தலாம். இதை விடப் பெரிய வசதி எதுவும் இல்லை. ஒன்றரை மணி நேரக் கச்சேரியை அரை மணியாகப் பிரித்து மூன்று தடவையில் பார்ப்பதில் தப்பில்லை. காது களைத்துவிடும் என்பது உடல் சம்பந்தப்பட்ட உண்மை. கேட்கும் திறன் குறைந்தவர்களின் மூளை விட்டுப்போன ஒலிகளை ஊகித்து நிரப்பிக்கொண்டே இருக்கிறது. முக்கால் மணியில் தலை கனக்க ஆரம்பிக்கும். அப்போது நிறுத்த முடியாத நேரலை, வெறும் சத்தமாகிப் போகிறது. தவிர, பதிவாக ஏற்றும்போது ஒலியை மறுபடி கலந்து சரிசெய்யும் வழக்கமும் சில ஒளிபரப்பாளர்களிடம் உண்டு. அப்போது அந்த முதல் மூன்று பாட்டுக்கும் விமோசனம்.

பதிவுக்கும் கெடு உண்டு. சில வாரங்களில் செயலியிலிருந்து எடுத்துவிடுவார்கள். வெளிநாட்டு விழா என்றால் உங்கள் நாட்டில் திறக்காமலும் போகலாம். அதனால் செட்டாப் பாக்ஸில் பதிவு செய்யும் வசதி இருந்தால் பயன்படுத்துங்கள். அதில் வழக்கமாக நேரும் கோளாறு ஒன்றுதான்: விழா தாமதமாகும், பாக்ஸ் அறிவித்த நேரத்தில் பதிவை முடித்துவிடும், கடைசிப் பாட்டு போய்விடும். அந்தக் கடைசிப் பாட்டுதான் எல்லாரும் காத்திருந்தது! முடிவு நேரத்தோடு குறைந்தது 30 நிமிடம் கூட்டி வையுங்கள். அடுத்த நிகழ்ச்சியையும் சேர்த்துப் பதிவுக்குப் போட்டுவிட்டால் இன்னும் பத்திரம். உயர்தரப் படத்துக்கு மணிக்கு 3 முதல் 6 ஜிபி வரை இடம் பிடிக்கும், பாக்ஸில் செருகும் 64 ஜிபி பென்டிரைவ் ஒரு வாரக் கடைசி விழாவுக்குத் தாங்கும். பாக்ஸ் எழுதிய பதிவு பெரும்பாலும் அந்த பாக்ஸில் மட்டும்தான் ஓடும், அதை மகள் வீட்டுக்கு எடுத்துப் போய்ப் பயனில்லை.

பார்வையாளர்கள் போனில் பிடித்து இணையத்தில் போடும் வீடியோக்களை நாங்கள் மாற்றாகவே எண்ணவில்லை. போன் மைக் திடலின் ஓசையைத் தாங்காது. தாழ்ந்த சுரங்கள் உடைந்து, குரல் அதற்கடியில் புதைந்திருக்கும்.

தொகுப்பைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. ஒருவருக்கு ஒரு பாட்டு, நடுவே பேட்டி, சேற்றில் நடனமாடும் கூட்டம். ஒவ்வொரு பாட்டுக்கும் ஒலி அளவு மாறும், காது ஒன்றுக்குப் பழகுவதற்குள் அடுத்தது வந்துவிடும். பெயர் குறித்துக்கொள்ள ஒரு தாளை வைத்துக்கொண்டு பாருங்கள், பிடித்தவரின் முழுப் பதிவைப் பிறகு தேடலாம்.

முழுப் பதிவுகளில் எதிலிருந்து தொடங்குவது என்றால், பகல் நேர நிகழ்ச்சியிலிருந்து. கிளாஸ்டன்பரியில் ஞாயிறு பிற்பகல் மூத்த கலைஞர்களுக்கென்றே ஒதுக்கிய நேரம். 2014-இல் டாலி பார்ட்டன், 2015-இல் லயனல் ரிச்சி, 2025-இல் தம் 80-ஆவது வயதில் ராட் ஸ்டூவர்ட் எல்லாரும் அந்த நேரத்தில் பாடியவர்கள்தான். தெரிந்த பாட்டுகள், வெயில் வெளிச்சம், வெட்டும் விளக்குகள் குறைவு. தெரிந்த பாட்டு என்பது சின்ன விஷயமில்லை. சொற்கள் முன்பே மனத்தில் இருந்தால் காது பாதி வேலை செய்தாலே போதும்.

குரல் போய்விட்டது என்ற புகாரில் கொஞ்சம் நியாயமும் உண்டு, கொஞ்சம் டிவியின் துரோகமும் உண்டு. திடலில் நிற்பவருக்கு எதிரொலியும் கூட்டத்தின் பாட்டும் சேர்ந்து குரலின் பிசிறுகளை மூடிவிடும். டிவிக்கு வருவதில் தூக்கலாக இருப்பதோ வாயருகே இருக்கும் மைக்கின் ஒலி. எழுபது வயதுக் குரல் எழுபது வயதாகவே கேட்கும். அதே நிகழ்ச்சியைத் திடலில் கேட்டவர் 'அபாரம்' என்பதும் வீட்டில் கேட்டவர் 'பாவம்' என்பதும் இதனால்தான். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை.

காதில் நடப்பது

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 60 வயதைத் தாண்டியவர்களில் நான்கில் ஒருவருக்கு மேல் அன்றாட வாழ்வைப் பாதிக்கும் அளவுக்குக் கேட்கும் திறன் குறைந்தவர்கள். முதலில் போவது கீச்சொலிகள். உயிரெழுத்துகளின் பலம் பெரும்பாலும் 1,000 ஹெர்ட்சுக்குக் கீழே. ச, ஸ, ஷ, ஃப போன்றவற்றின் அடையாளம் இருப்பது 2,000 முதல் 8,000 ஹெர்ட்ஸ் வரை. அதனால் பாட்டின் ராகம் கேட்கும், சொல் கேட்காது. சத்தத்தைக் கூட்டினால் சொல் தெளியாது, டிரம்ஸ்தான் கூடும். இதோடு இன்னொன்றும் சேர்கிறது: மெல்லிய ஒலி கேட்காதவருக்கு உரத்த ஒலி மற்றவர்களை விடத் திடீரென்று உறைக்கும். "கேட்கல, கூட்டு" என்று சொன்ன அதே அப்பா அடுத்த நிமிடம் "ஏன் இப்படி அலற விடுறே" என்று கடிவது முரண்பாடு இல்லை. கேட்காத அளவுக்கும் வலிக்கும் அளவுக்கும் இடையே உள்ள சந்து அவருக்குக் குறுகிவிட்டது.

ஆகவே தேவை அதிகச் சத்தம் அல்ல. குரல் முன்னால் வரவேண்டும், உரத்ததும் மெல்லியதும் ஒன்றுக்கொன்று நெருங்கி வரவேண்டும்.

செலவில்லாத வழி: டிவியின் சொந்த ஸ்பீக்கர்

மெல்லிய டிவிகளின் ஸ்பீக்கர் தரையையோ சுவரையோ பார்த்திருக்கும். குரல் நேராக வராமல் எங்கோ மோதித் திரும்பி வருகிறது. அதனால் முதல் வேலை நாற்காலி. மூன்று மீட்டர் தூரத்தை ஒன்றரை மீட்டராக்கினால் டிவியிலிருந்து நேராக வரும் ஒலி 6 டெசிபெல் வரை கூடும், அறையின் எதிரொலியோ அப்படியே இருக்கும். சொல் தெளிவுக்கு இது பல விலையுள்ள கருவிகளை விடப் பலன் தரும். 43 அங்குல டிவிக்கு ஒன்றரை முதல் இரண்டு மீட்டர் தூரம் கண்ணுக்கும் இதமானதே. டிவிக்கு எதிர்ச்சுவர் வெறுமையாக இருந்தால் ஒரு கனத்த திரைச்சீலை போடுங்கள்.

அடுத்தது மெனு. ஒலி அமைப்புக்குள் போய், சர்ரவுண்ட் அல்லது '3டி சவுண்ட்' என்று ஏதாவது இருந்தால் அணையுங்கள். அது குரலைச் சுற்றுப்புறத்தில் கரைத்துவிடும். சவுண்ட் மோடை 'ஸ்டாண்டர்ட்' அல்லது 'மியூசிக்' என்று வையுங்கள். ஈக்வலைசர் (தாழ்ந்த ஒலி, கீச்சொலிகளைத் தனித்தனியாக ஏற்றி இறக்கும் அமைப்பு) இருந்தால் 100 ஹெர்ட்ஸை இரண்டு மூன்று படி இறக்கி, 3,000 ஹெர்ட்சுக்கு அருகில் இருப்பதை இரண்டு படி ஏற்றுங்கள். அதற்கு மேல் ஏற்றினால் சிம்பல் தட்டுகள் காதைக் குத்தும். 'நைட் மோட்' அல்லது 'ஆட்டோ வால்யூம்' என்பது உரத்ததையும் மெல்லியதையும் நெருக்கி வைக்கும். மேற்கத்திய சிம்பொனிக்கு இது மிக உதவும், ஏனென்றால் அதன் மெல்லிய பகுதிகள் வயதானவருக்குக் கேட்கவே கேட்காது. ராக் இசை ஏற்கெனவே நெருக்கப்பட்டே வருவதால் அதற்கு வேண்டாம், மூச்சு வாங்குவது போல ஒலி ஏறி இறங்கும்.

'கிளியர் வாய்ஸ்' வகையறாவில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். அது செய்தி வாசிப்புக்குப் பண்ணியது. பேச்சு எது, பின்னணி எது என்று டிவி ஊகித்துப் பின்னணியை அமுக்கும். பாட்டில் வயலினும் கிடாரும் அதன் கண்ணுக்குப் பின்னணி. தொகுப்பாளர் பேசும்போது போடலாம், பாட்டு ஆரம்பித்ததும் அணைக்க வேண்டும். ரிமோட்டில் இதற்கு நேரடிப் பொத்தான் இல்லையென்றால் அணைத்தே வைத்திருப்பது மேல்.

சவுண்ட்பாரா, ஹெட்ஃபோனா, காது கருவியா

சவுண்ட்பார், அதாவது டிவிக்குக் கீழே வைக்கும் நீள ஸ்பீக்கர், அறையில் எல்லாருக்கும் பொதுவானது. வாங்கினால் நடுவில் தனி ஸ்பீக்கர் உள்ளதாக, அதாவது 3.0 அல்லது 3.1 என்று குறித்ததாக வாங்குங்கள். குரல் நடுவில் இருந்து வரும், அதை மட்டும் தனியாக ஏற்றிக்கொள்ளலாம். நடு ஸ்பீக்கர் இல்லாத வெறும் 2.1 வாங்கினால், தாழ்ந்த ஒலிக்கான அதன் பெரிய பெட்டி இடிப்பைக் கூட்டும், குரல் இருந்த இடத்திலேயே இருக்கும். டிவியின் பின்புறம் 'ஹெச்டிஎம்ஐ ஏஆர்சி' என்று எழுதிய துளையில் இணைத்தால் ஒரே ரிமோட் போதும், முதியவர்களுக்கு இது சின்ன வசதி அல்ல. புளூடூத்தில் இணைக்காதீர்கள், ஒலி பிந்தி வரும்.

ஹெட்ஃபோனில் அறையின் எதிரொலி அறவே போய்விடுகிறது, இடக்காதுக்கும் வலக்காதுக்கும் தனித்தனியாகச் சத்தம் வைக்க முடிகிற வகைகளும் உண்டு. இசைக்கு இதுவே எங்கள் முதல் தேர்வு, காது கருவி அணியாதவர்களுக்கு. ஆனால் சாதாரண புளூடூத் 150 முதல் 250 மில்லிநொடி வரை தாமதிக்கும். ஒலி படத்தை விட 125 மில்லிநொடி பிந்தினாலே கண் கண்டுபிடித்துவிடும். உதட்டைப் பார்த்துச் சொல்லைப் பிடிப்பவர்களுக்கு, அந்தத் தாமதம் கேட்காததை விட மோசம். டிவிக்கென்றே விற்கும் 2.4 கிகாஹெர்ட்ஸ் வயர்லெஸ் ஹெட்ஃபோன்களில் தாமதம் தெரியாத அளவுக்குக் குறைவு, மேசையில் நிற்கும் அடிப்பெட்டியில் வைத்தால் தானே சார்ஜ் ஏறும். அந்தப் பெட்டியை ஆப்டிகல் கேபிளில் இணைத்ததும் ஒன்றுமே கேட்கவில்லையென்றால் பயப்பட வேண்டாம். டிவியின் 'டிஜிட்டல் ஒலி வெளியீடு' அமைப்பை 'பிசிஎம்' (சுருக்காத சாதாரண ஒலி) என்று மாற்றுங்கள். பத்தில் ஒன்பது தடவை அதுதான் காரணம். சத்தத்துக்கு வரம்பும் வேண்டும். வாரத்துக்கு 40 மணி நேரம் என்றால் 80 டெசிபெல் என்பது உலக சுகாதார நிறுவனம் சொல்லும் எல்லை. போட்டிருக்கும்போது முன்னால் இருப்பவர் சாதாரணமாகப் பேசுவது கொஞ்சமாவது காதில் விழுந்தால் அளவாகத்தான் இருக்கிறது.

காது கருவி அணிபவர்கள் நிலை வேறு. கருவி பேச்சுக்காக வடிவமைத்தது. புல்லாங்குழலோ வயலினோ ஒரே சுரத்தை நீட்டிப் பிடித்தால், அதைத் தன் சொந்த விசில் சத்தம் என்று கருவி தப்பாக எண்ணி அடக்கப் பார்க்கும். சுரம் தண்ணீரில் ஆடுவதுபோல் நடுங்கும். விழாவுக்கு முன்னால் கருவியைப் பொருத்திய நிபுணரிடம் போய் 'இசைக்கென்று தனி புரோகிராம்' கேளுங்கள். விசில் தடுப்பைக் குறைக்க வேண்டும், இரைச்சல் நீக்கத்தை அணைக்க வேண்டும், மைக் எல்லாத் திசையிலும் கேட்க வேண்டும். இந்த மூன்றையும் எழுதிக்கொண்டு போங்கள். இது புது வாங்கல் இல்லை, இருக்கும் கருவியில் செய்யும் அமைப்பு மாற்றம்.

டிவி ஒலியை நேராகக் கருவிக்கு அனுப்பும் சிறு பெட்டிகளும் உண்டு. கருவியின் அதே நிறுவனப் பெட்டிதான் பொதுவாகப் பொருந்தும். பேச்சுக்கு அற்புதம். இசைக்கோ, காதைத் திறந்தபடி விடும் மெல்லிய முனை போட்டவர்களுக்குத் தாழ்ந்த சுரங்கள் வெளியே கசிந்து, எல்லாம் பழைய டிரான்சிஸ்டர் ரேடியோ போலக் கேட்கும். அவர்கள் பெட்டியையும் சவுண்ட்பாரையும் சேர்த்து ஓட விட்டால், குரல் கருவி வழியாகவும் கனம் அறையிலிருந்தும் வரும். இரண்டுக்கும் இடையே தாமதம் தெரிந்தால் சவுண்ட்பாரில் இருக்கும் 'ஆடியோ டிலே'யை 10 மில்லிநொடிப் படியாகக் கூட்டிப் பாருங்கள்.

கண்ணுக்கு

இரவு மேடை வயதான கண்ணுக்குக் கஷ்டம். விழிவில்லை கலங்கும்போது வெளிச்சம் சிதறும், எல்ஈடி திரையின் பளபளப்பில் பாடகரின் முகம் கரைந்துவிடும். விளக்கெல்லாம் அணைத்துவிட்டுப் பார்ப்பதுதான் தப்பு. டிவிக்குப் பின்னால் ஒரு மங்கிய விளக்கை எரியவிட்டு, டிவியின் பேக்லைட்டை இறக்குங்கள். அசைவுகளை வழவழப்பாக்கும் 'மோஷன் ஸ்மூத்திங்' இருந்தால் அணையுங்கள். ஒற்றைத் தலைவலிக்காரர்களுக்கும் வெட்டொளி ஒத்துக்கொள்ளாதவர்களுக்கும் இரவு நிகழ்ச்சியே வேண்டாம். கேமராத் தாவலுக்கு மருந்து ஒரே மேடை ஓடைதான், அதிலும் முழுவதும் தப்ப முடியாது. இரட்டைக் குவிய மூக்குக்கண்ணாடி போட்டவர்கள், அதுவும் டிவி உயரத்தில் மாட்டியிருந்தால், தாடையைத் தூக்கித் தூக்கிக் கழுத்துவலி வாங்குவார்கள். திரையின் நடுப்பகுதி உட்கார்ந்த கண்மட்டத்தில் இருக்கட்டும்.

வீட்டில் இரண்டு பேர்

ஒருவருக்கு நன்றாகக் கேட்கும், மற்றவருக்குக் கேட்காது என்றால் சண்டை வரும் இடம் இதுதான். ஹெட்ஃபோன் செருகினால் பல டிவிகளில் ஸ்பீக்கர் ஊமையாகிவிடும். ஒலி வெளியீட்டு அமைப்பில் 'ஸ்பீக்கரும் ஆப்டிகலும்' என்றோ 'ஸ்பீக்கரும் ஹெட்ஃபோனும்' என்றோ இருக்கிறதா என்று வாங்குவதற்கு முன்பே பாருங்கள். இருந்தால் ஆப்டிகலில் ஹெட்ஃபோன் பெட்டியை மாட்டி, அம்மாவுக்கு அதன் சக்கரத்திலும் அப்பாவுக்கு டிவி ரிமோட்டிலுமாகத் தனித்தனிச் சத்தம் வைத்துக்கொள்ளலாம். அந்த வசதி இல்லாத டிவியில், செட்டாப் பாக்ஸின் பின்புறம் ஆப்டிகலோ சிவப்பு-வெள்ளைத் துளைகளோ இருந்தால் ஹெட்ஃபோனை அங்கிருந்து எடுங்கள். டிவி ஸ்பீக்கருக்கு ஹெச்டிஎம்ஐ வழியே ஒலி வழக்கம்போலப் போகும். ஆனால் அது பாக்ஸில் வரும் சேனல்களுக்கும் பதிவுகளுக்கும் மட்டும், டிவி செயலியில் ஓடுவது அந்த வழியே வராது. விழாவுக்கு ஒரு வாரம் முன்பே, ஏதாவது பழைய கச்சேரிப் பதிவை ஓடவிட்டு இரண்டு பேரும் உட்கார்ந்து அளவுகளைப் பிடித்துவிடுங்கள். அளவு பிடித்ததும் மெனுவை போனில் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள், மென்பொருள் புதுப்பிப்பு வந்தால் டிவி சில சமயம் எல்லாவற்றையும் பழைய நிலைக்கே கொண்டுபோய்விடும்.